ரோமில் இல்லாத நிலா: பழைய ஆர்கேட் ஓவியங்களை எமுலேட்டருக்குக் கொண்டுவருவது எப்படி?

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஒரு கறுப்பு வெள்ளை ஆர்கேட் விளையாட்டு, அதாவது பொது இடங்களில் காசு போட்டு ஆடும் பெட்டி விளையாட்டு. அதன் மின்சுற்றுக்கு வண்ணம் என்ற ஒன்றே தெரியாது. ஆனால் நின்றபடி ஆடும் பெட்டியில் அதை ஆடியவர்களுக்கு நினைவிருப்பது பச்சைப் பீரங்கி, மேலே சிவப்பாகக் கடந்துபோகும் பறக்கும் தட்டு, எதிரிகளுக்குப் பின்னால் விரிந்து கிடக்கும் நிலா. பச்சையும் சிவப்பும் வண்ணக் கண்ணாடித் தாளின் வேலை. நிலா, பெட்டிக்குள் வைத்த ஓர் அச்சு ஓவியம். சிஆர்டி எனும் பழைய படக்குழாய்த் திரை பெட்டியின் கீழ்ப்பகுதியில் மேல்நோக்கி இருக்கும். அதற்கு மேலே சாய்வாக ஒரு கண்ணாடி, ஒளியில் பாதியைத் திருப்பி அனுப்பி மீதியை ஊடுருவ விடும். ஆடுபவரின் கண்ணில் திரையின் பிம்பமும் பின்னாலிருக்கும் ஓவியமும் ஒன்றாகச் சேர்ந்து விழும். அந்த ஓவியத்தை ஒளிரவைக்க ஒரு புற ஊதா விளக்கு.

இப்போது அதே விளையாட்டின் ரோம் சில்லுகளை, அதாவது நிரல் நிலையாகப் பதிந்திருக்கும் நினைவகச் சில்லுகளைப் படித்து, அந்த நிரலைப் பழைய கருவியைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருளில் ஓட விட்டால் என்ன கிடைக்கும்? கறுப்புத் திரையில் வெள்ளை உருவங்கள். நிரலில் ஒரு பிட்கூடக் குறையவில்லை, ஆனால் காசு போட்டு ஆடியவர் பார்த்தது இது இல்லை. ஆர்கேட் விளையாட்டு என்பது நிரல், மின்சுற்று, மரப்பெட்டி, கண்ணாடி, அச்சு எல்லாம் சேர்ந்த ஒரே பொருள். நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் மேம் என்ற ஆர்கேட் எமுலேட்டரை வெளியிட்ட பிறகு நிரல்களைக் காக்கும் வேலை வேகம் பிடித்தது. ஆயிரக்கணக்கான விளையாட்டுகளின் நிரல்கள் இன்று பத்திரமாக இருக்கின்றன. அச்சும் ஓவியமும் அந்த அளவுக்குத் தப்பவில்லை. அக்கறை குறைவு என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. இரண்டும் இயல்பிலேயே வேறு வேறு மாதிரியான பொருள்கள்.

ரோமில் இருப்பவை எண்கள். ஒழுங்காகப் படித்துவிட்டால் பிரதியும் மூலமும் ஒன்றுதான். ஒரே விளையாட்டின் இரண்டு மின்சுற்றுப் பலகைகளை இரண்டு நாடுகளில் இருவர் தனித்தனியாகப் படித்து, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சிஆர்சி, எஸ்எச்ஏ-1 போன்ற சரிபார்ப்பு எண்களை ஒப்பிடுவார்கள். அவை ஒத்துப்போனால் வேலை முடிந்தது. ஓவியத்துக்கு அப்படி ஓர் எண் கிடையாது. ஒரே அச்சை ஒரே ஸ்கேனரில் அடுத்தடுத்து இருமுறை வைத்தாலும் வரும் கோப்புகள் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகாது. எந்தத் தெளிவில் எடுப்பது, வெளுத்த நிறத்தை என்ன செய்வது, கீறலை அழிப்பதா விடுவதா என்று ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஓவியத்தின் எந்த டிஜிட்டல் பிரதியும் அந்தத் தீர்மானங்களின் விளைவுதான். இந்த வேலையின் முறைகளும் வாக்குவாதங்களும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அலங்காரம் என்று ஒதுக்க முடியாதவை

பெட்டியில் இருக்கும் ஓவியங்கள் பல வகை. உச்சியில் பின்னொளியோடு எரியும் பெயர்ப்பலகை மார்க்கீ. திரையைச் சுற்றியுள்ள சட்டம் பெசல். பொத்தான்களைச் சுற்றி அச்சிட்ட உறை கன்ட்ரோல் பேனல் ஓவியம். பக்கவாட்டுப் பலகைகளில் இருப்பது சைட் ஆர்ட். இவற்றோடு ஆடும் முறையைச் சொல்லும் சிறிய அட்டைகளும் உண்டு.

இவற்றில் சில, ஆட்டத்துக்கே தேவையானவை. சினிமாட்ரானிக்ஸ் 1980இல் வெளியிட்ட ஆர்மர் அட்டாக்கில் ஜீப்பையும் டாங்கிகளையும் ஹெலிகாப்டரையும் மட்டுமே திரை வரையும். கட்டடங்கள் திரைமேல் போடப்பட்ட தகட்டில் அச்சாகியிருக்கும். அந்தத் தகடு இல்லாமல் ஆடினால் ஜீப் வெற்றிடத்தில் முட்டி நிற்கும், குண்டுகள் காரணமே தெரியாமல் மறையும். அடாரியின் நைட் டிரைவரில் (1976) நாம் ஓட்டும் கார் கணினி வரைந்தது இல்லை, திரையின் கீழ்ப்பகுதியில் வைத்த அச்சுப்படம். நிரலுக்குத் தெரிந்தது சாலையோரக் கம்பங்கள் மட்டும். மிட்வேயின் சீ வுல்ஃபில் (1976) மீதமுள்ள டார்பீடோக்களின் எண்ணிக்கையை பெரிஸ்கோப்புக்குள் எரியும் சிறு விளக்குகள் சொல்லும். மீண்டும் குண்டு நிரப்பும்வரை காத்திரு என்று சொல்வதும் ஒரு சிவப்பு விளக்குதான். வில்லியம்ஸின் டிஃபெண்டரில் (1981) ஒரு கைப்பிடியும், திரும்ப, முன்னேற, சுட, எல்லாவற்றையும் அழிக்க, ஹைப்பர்ஸ்பேஸுக்குத் தாவ என்று ஐந்து பொத்தான்களும் உண்டு. எது எதற்கு என்று சொல்வது கன்ட்ரோல் பேனலில் இருக்கும் எழுத்துகள்.

சைட் ஆர்ட் இந்தக் கணக்கில் வராது. அது இல்லாமலும் ஆடலாம். ஆனாலும் அதன் பங்கைக் குறைத்து மதிப்பிட முடியாது. சில டஜன் புள்ளிகளாலான ஓர் உருவத்தைப் பார்த்து நாம் எதைக் கற்பனை செய்ய வேண்டும் என்று அக்காலத்தில் சொன்னது அந்த ஓவியம்தான். 1980இல் வந்த பாக்-மேன் திரையில் வாயுள்ள மஞ்சள் வட்டம், அவ்வளவுதான். அமெரிக்காவில் மிட்வே செய்த பெட்டியின் ஓரத்திலோ அதற்குக் கால்களும் பெரிய கண்களும் முளைத்திருக்கும். ஜப்பானில் நாம்கோ காட்டிய பாக்-மேன் வேறு. ஒரே நிரலுக்கு இரண்டு நாட்டில் இரண்டு முகம். அதனால் இந்த விளையாட்டின் ஓவியம் என்று ஒன்றை மட்டும் சேமித்தால் போதாது. எந்த நாட்டுப் பதிப்பு, எந்த வகைப் பெட்டி, நின்று ஆடுவதா மேசைவகையா என்பதும் கூடவே பதிவாக வேண்டும். மேம் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் குறும்பெயர் வைத்திருப்பது இங்கே உதவுகிறது. நாம்கோவின் மூலம் பக்மேன் என்ற பெயரிலும் மிட்வேயின் பதிப்பு பாக்மேன் என்ற பெயரிலும் தனித்தனியே இருக்கின்றன, ஓவியக் கோப்புகளையும் அப்படியே பிரித்து வைக்கலாம்.

பெருக்கலும் கூட்டலும்

ஸ்கேன் செய்த படத்தைத் திரையில் ஒட்டினால் போதாதா என்று கேட்கலாம். பெசலுக்கு அது போதும். நடுவில் திரை தெரியும் இடத்தை ஒளிபுகும்படி வெட்டிவிட்டு மேலே வைத்தால் சரி. வண்ணத் தாளுக்கும் பின்னணி ஓவியத்துக்கும் அது போதாது, ஏனென்றால் அங்கே நடப்பது ஒட்டுதல் இல்லை, ஒளியியல்.

வண்ணத் தாள் ஒளியை வடிகட்டுகிறது. வெள்ளை ஒளி பச்சைத் தாளைக் கடந்தால் பச்சை, கறுப்பு கடந்தால் கறுப்பேதான். கணக்கில் இது பெருக்கல்: திரையின் ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் அந்த இடத்துத் தாளின் நிறத்தால் பெருக்க வேண்டும். பின்னணி ஓவியம் அப்படி இல்லை. பாதிக் கண்ணாடியில் இரண்டு ஒளிகள் சேர்கின்றன, எனவே அது கூட்டல். திரையில் கறுப்பு இருக்கும் இடத்தில் நிலா முழுதாகத் தெரியும், வெள்ளை உருவம் இருக்கும் இடத்தில் நிலாவின் ஒளியும் அதோடு கலக்கும். உண்மையான பெட்டியில் எதிரிகள் நிலாவுக்கு முன்னே மிதப்பது போலத் தோன்றக் காரணம் இதுதான். இதை விட்டுவிட்டு எதிரிகளை நிலாப் படத்தின்மேல் வெட்டி ஒட்டியது போலக் காட்டும் பதிப்புகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஓவியம் சரியாக இருந்தும் காட்சி பொய்யாகிவிடுகிறது.

தாளின் நிறம் இடத்துக்குச் சொந்தம், பொருளுக்கு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் பச்சைப் பட்டைக்குள்ளிருந்து சுட்ட குண்டு, பட்டையைத் தாண்டியதும் வெள்ளையாகி, மேலே போய்ச் சிவப்பாகும். எமுலேட்டர் பீரங்கிக்குப் பச்சை பூசினால் இந்த நுணுக்கம் போய்விடும், பெருக்கினால் தானாகவே வந்துவிடும். அடாரியின் பிரேக்அவுட்டில் (1976) செங்கல் வரிசைகளின் நிறமும், பேட்டில்ஸோனில் (1980) மேலே சிவப்பும் கீழே பச்சையுமாகத் தெரிவதும் இதே முறைதான்.

மேம் இதற்கென ஒரு எளிய எக்ஸ்எம்எல் கோப்பை, அதாவது குறிச்சொற்களால் எழுதும் உரைக் கோப்பை வைத்திருக்கிறது. எந்தப் படம் எங்கே, திரை எங்கே, எது பெருக்கல், எது கூட்டல், எது சாதாரண ஒளிபுகும் படம் என்று அதில் எழுதலாம். அளவுகள் பிக்சலில் இல்லாமல் ஒப்பீட்டு அளவில் இருப்பதால் எந்தத் திரைக்கும் பொருந்தும். சீ வுல்ஃபின் டார்பீடோ விளக்குகள் போன்றவற்றை நிரலின் வெளியீட்டோடு இணைத்துவிட்டால் விளையாடும்போது அவை நிஜமாகவே எரிந்து அணையும். விளக்கு எரியும் நிலைக்கு ஒரு படம், அணைந்த நிலைக்கு ஒரு படம். ஸ்கேன் செய்பவர் இரண்டையும் தர வேண்டும்.

இன்றைய அகலத் திரைகளும் ஓவியத்துக்கு இடம் தந்திருக்கின்றன. 1920-க்கு 1080 திரையில் 4:3 படம் 1440 பிக்சல் அகலம்தான் பிடிக்கும், இருபக்கமும் 240 மீதி. பாக்-மேன் போல நிமிர்த்தி வைத்த திரையென்றால் படத்தின் அகலம் 810, பக்கத்துக்கு 555 பிக்சல் வெறும் கறுப்பு. அந்த இடத்தில்தான் பெசல் உட்காருகிறது. அங்கே விளம்பரப் படங்களையும் ரசிகர்கள் வரைந்ததையும் கலந்து புதிதாக ஓர் ஓவியம் செய்து வைப்பவர்களும் உண்டு. அதில் தவறில்லை, சில மிக அழகானவை. ஆனால் அது அசல் பெசல் இல்லை என்று கோப்பின் பெயரிலேயே தெரிய வேண்டும். பத்து வருடம் கழித்து அதை எடுத்துப் பார்ப்பவருக்கு வேறு எப்படித் தெரியும்?

அச்சின் அடுக்குகள்

இந்த ஓவியங்களில் பெரும்பாலானவை ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சானவை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சல்லடைத் துணி, ஒவ்வொன்றாகக் கலந்து வைத்த மை. புத்தக அச்சில் நான்கு மைகளின் புள்ளிகள் சேர்ந்து எல்லா நிறங்களையும் காட்டும். இங்கே ஆரஞ்சு என்றால் ஆரஞ்சு மையே ஒரு முழுப் படலமாகப் படிந்திருக்கும். அதனால் ஒரு சைட் ஆர்ட்டில் எத்தனை மைகள் இருக்கின்றன என்று எண்ணிவிடலாம். மார்க்கீயும் கண்ணாடிப் பெசலும் பின்பக்கத்தில் தலைகீழாக அச்சானவை: முதலில் முன்னால் தெரிய வேண்டிய நிறங்கள், கடைசியில் வெள்ளை, ஒளியை மறைக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. விரல்கள் தேய்த்துக்கொண்டே இருப்பதால் கன்ட்ரோல் பேனல் உறைக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் அடிப்பக்கத்தில்தான் அச்சு.

இவை நீண்டநாள் இருக்க வேண்டும் என்று யாரும் நினைத்துச் செய்யவில்லை. ஒரு விளையாட்டின் வருமானம் குறைந்ததும் பெட்டியின் சொந்தக்காரர் உள்ளே வேறு பலகையைப் பொருத்தி, மார்க்கீயை மாற்றி, பக்கங்களில் ஒரே கறுப்பாக பெயின்ட் அடித்துவிடுவார். நிரல் பலகைகள் அலமாரியில் தப்பிப் பிழைத்த அளவுக்குப் பெட்டி ஓவியங்கள் பிழைக்காததற்கு இது பெரிய காரணம். அந்தக் கறுப்புக்கு அடியில் பழைய ஓவியம் இன்னும் இருக்கக்கூடும் என்பதால், கரைப்பானை மெல்லத் தேய்த்து அங்குலம் அங்குலமாக வெளியே கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், ஜப்பானில் பின்னாளில் பரவிய, பலகையை மாற்றி வெவ்வேறு விளையாட்டுகளை ஆடக்கூடிய பொதுப் பெட்டிகளில், உதாரணத்துக்கு செகாவின் ஆஸ்ட்ரோ சிட்டி போன்றவற்றில், விளையாட்டுக்கென்று சைட் ஆர்ட்டே கிடையாது. அங்கே காக்க வேண்டியவை மார்க்கீயும் முறைகளைச் சொல்லும் அட்டைகளும். சின்னத் துண்டு அட்டை என்று தூக்கிப்போட்டால் அந்த விளையாட்டின் மொத்த அச்சு வரலாறும் அதோடு போனது.

ஸ்கேனரில் வைக்கும்போது

முதல் சிக்கல் அளவு. சாதாரண ஸ்கேனரின் அகலம் எட்டரை அங்குலம், மார்க்கீ சுமார் இரண்டடி. மூடியைக் கழற்றிவிட்டு, துண்டு துண்டாக, ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி எடுத்து மென்பொருளில் தைக்க வேண்டும். ஒரே பக்கமாகத் திருப்பி வைத்து எடுப்பது முக்கியம். பாதியில் அச்சைச் சுழற்றினால் ஸ்கேனரின் விளக்கு வேறு கோணத்தில் விழுந்து தையல் தெரியும். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் 24 அங்குல மார்க்கீ 14,400 பிக்சல் அகலமாக வரும். 30-க்கு 60 அங்குல சைட் ஆர்ட் என்றால் சுமார் 65 கோடி பிக்சல், சுருக்காத கோப்பு ஏறக்குறைய 2 ஜிபி. எமுலேட்டருக்கு இவ்வளவு தேவையே இல்லை. 4கே திரையின் முழு அகலமே 3840 பிக்சல்தான். இருந்தாலும் இந்தப் பெரிய கோப்பு வேண்டும், ஏனென்றால் மூலத்தை மறுபடி ஸ்கேன் செய்ய வாய்ப்பு கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இரண்டாவது, பின்பக்க அச்சு. மை இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்து ஸ்கேன் செய்தால் வெள்ளையும் கறுப்புமான கடைசி அடுக்குதான் வரும். முன்பக்கத்தை வைத்துக் கண்ணாடியின் தடிமனை ஊடுருவித்தான் படம் எடுக்க வேண்டும். மலிவான சிஐஎஸ் வகை ஸ்கேனர்கள் தங்கள் கண்ணாடியைத் தொட்டிருக்கும் பொருளை மட்டுமே தெளிவாகக் காட்டும், சில மில்லிமீட்டர் விலகினால் மங்கிவிடும். பழைய சிசிடி வகைக்கு ஆழம் அதிகம், இந்த வேலைக்கு அதுதான் ஏற்றது. பெட்டியிலிருந்து கழற்றவே முடியாத சைட் ஆர்ட்டை கேமராவில்தான் எடுக்க வேண்டும். விளக்குகளிலும் லென்ஸிலும் துருவ வடிகட்டிகளைக் குறுக்காக வைத்தால் பளபளப்பு அடங்கும். படத்துக்குள் ஒரு வண்ண அளவுகோல் அட்டையும் அடிஸ்கேலும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

எது அசல் நிறம்?

இங்கேதான் வேலை உண்மையிலேயே கடினமாகிறது. 40 வருடம் குழல்விளக்கின் முன்னால் இருந்த மார்க்கீயின் சிவப்பும் மஞ்சளும் இன்று அச்சடித்த நாளில் இருந்தவை இல்லை. ஸ்கேனர் காட்டுவது இன்றைய நிலையை. அசலைத் தேட சில இடங்கள் உண்டு. மார்க்கீயைப் பிடித்திருக்கும் உலோகப் பட்டையின் அடியில், கன்ட்ரோல் பேனல் மடங்கி உள்ளே போகும் ஓரத்தில், போல்ட் தலைகளுக்குக் கீழே வெளிச்சம் படாமல் இருந்திருக்கும். சில மில்லிமீட்டர் அகலம்தான். ஆனால் ஒவ்வொரு நிறமும் தனி மை என்பதால், ஒரு மையின் மங்காத துளி ஒன்று கிடைத்தாலே அந்த நிறம் படர்ந்த இடமெல்லாம் என்னவாக இருந்தது என்று சொல்லிவிடலாம்.

மார்க்கீக்கு இரண்டு நிறம் என்பதும் உண்மை. விளக்கு அணைந்திருக்கும்போது பட்டுத் திரும்பும் ஒளியில் ஒன்று, விளக்கு எரியும்போது ஊடுருவி வரும் ஒளியில் இன்னொன்று. ஸ்கேனர் முதலாவதைத்தான் பதிவுசெய்யும், ஆடுபவர் பார்த்தது இரண்டாவதை. அதனால் ஸ்கேனோடு, பின்னொளியில் எரியும்போது எடுத்த புகைப்படம் ஒன்றும் வேண்டும். எமுலேட்டரில் காட்ட வேண்டிய நிறத்துக்கு அதுதான் வழிகாட்டி. புற ஊதாவில் ஒளிரும் மைகள் இதைவிடச் சிரமம் தருபவை. அவை தம்மேல் பட்ட ஒளியை வேறு நிறமாக மாற்றி வெளியிடுவதால் பக்கத்திலுள்ள வெள்ளையைவிடப் பிரகாசமாகத் தெரியும். சாதாரணத் திரையின் வண்ண எல்லைக்குள் அதை அப்படியே காட்ட வழியில்லை. சுற்றியிருப்பதைக் கொஞ்சம் இருட்டாக்கி அந்த உணர்வை வரவழைக்கலாம், அதற்கு மேல் முடியாது.

நிறம் தீர்ந்ததும் அடுத்த கேள்வி: படத்தைச் சுத்தம் செய்வதா, புதிதாக வரைவதா? பலர், புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகவும் வடிவங்களாகவும் சேமிக்கும் வெக்டர் முறையில் முழுதும் மறுபடி வரைகிறார்கள். எந்த அளவுக்கும் பெரிதாக்கலாம், அச்சடித்துப் பெட்டியில் ஒட்டவும் உதவும். ஆனால் மறுவரைவு என்பது புதுப் பொருள். கையால் வரைந்த கோட்டின் நடுக்கம், ஒரு நிறம் அடுத்ததோடு இம்மி விலகிய இடம், சல்லடையின் நெசவு விளிம்பில் விட்ட தடம் எல்லாம் அதில் நேராகிவிடும். பெயர் எழுத்துகளில் இது இன்னும் மோசம். அக்காலத் தலைப்புகள் பல கையால் வரைந்தவை. இரண்டு ஒரே எழுத்துகள்கூட அவற்றில் ஒரே மாதிரி இருக்காது. அவற்றுக்குப் பதிலாகக் கணினியிலுள்ள ஏறக்குறைய ஒத்த எழுத்துருவைப் போட்டுவிட்டு மீட்பு என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்குவதும் அப்படித்தான். தெளிவில்லாத இடத்தில் அது இருந்ததை மீட்பதில்லை, இருந்திருக்கக்கூடியதை ஊகித்து நிரப்புகிறது. எமுலேட்டரில் பார்க்க நன்றாக இருக்கலாம், ஆவணமாக அதற்கு மதிப்பில்லை. சுத்தம் செய்வதில் தவறில்லை. சுத்தம் செய்யாத ஸ்கேனைத் தூக்கி எறிவதுதான் தவறு.

எல்சிடி கையடக்க விளையாட்டுகள் இந்தக் கதையில் ஒரு தனி அத்தியாயம். 1980இல் தொடங்கிய நின்டெண்டோவின் கேம் அண்ட் வாட்ச் வரிசையில் ரோமுக்குள் படமே கிடையாது. எந்த உருவத்தை எப்போது காட்டுவது என்பது மட்டும் அதிலிருக்கும். உருவங்கள் கண்ணாடியிலேயே நிலையாகப் பொறிக்கப்பட்டவை. அதனால் கருவியைப் பிரித்து, எல்சிடி கண்ணாடியைப் படமெடுத்து, ஒவ்வொரு துண்டையும் எஸ்விஜி என்ற வெக்டர் வடிவில் கையால் வரைய வேண்டும். மேம் அந்தக் கோப்பையும் ரோமைப் போலவே சரிபார்ப்பு எண்ணோடு பட்டியலிடுகிறது. அந்த எண் நம்மிடம் இருப்பது அதே கோப்புதானா என்று சொல்லும். வரைந்தது கண்ணாடியில் இருந்தபடியே இருக்கிறதா என்று அது சொல்லாது.

உரிமையும் பெயரும்

இந்த ஓவியங்கள் இன்னும் யாருடையவோ சொத்து. அமெரிக்கச் சட்டப்படி, ஒரு நிறுவனம் தன் ஊழியர்களைக் கொண்டு வரையவைத்து 1980இல் முறையான உரிமைக் குறிப்போடு வெளியிட்ட படைப்புக்கு 95 வருட உரிமை, அதாவது 2075 முடியும்வரை. அக்காலச் சட்டத்தில் அந்தச் சிறிய குறிப்பு அச்சில் இருந்ததா இல்லையா என்பதே உரிமையை முடிவுசெய்யக்கூடியது. ஓரத்தில் இருக்கிறது, அசிங்கமாக இருக்கிறது என்று அந்த வரியை வெட்டிவிடும் பழக்கம் உண்டு. வெட்டக்கூடாது. பெட்டிக்கு உள்ளே மறைந்துபோகும் விளிம்பில் பாக எண், அச்சகத்தின் அடையாளம் போன்றவையும் இருக்கும். எது எந்தப் பதிப்பு என்று சொல்வதற்கு அவைதான் சாட்சி.

வரைந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அச்சில் இல்லை. அடாரியின் புகழ்பெற்ற சின்னத்தை உருவாக்கிய ஜார்ஜ் ஆப்பர்மேன் அந்நிறுவனத்தின் ஆர்கேட் ஓவியங்களுக்கும் பொறுப்பாக இருந்தார் என்பது இன்று தெரியும். இப்படித் தெரியவருபவர்கள் சிலர். நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரிலுள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் அடாரியின் ஆர்கேட் பிரிவு விட்டுச்சென்ற ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த மாதிரி நிறுவனத் தொகுப்பு எல்லா உற்பத்தியாளர்களுக்கும் இல்லை. மீதி எல்லாம் தனி மனிதர்களின் கையில், பிரித்துப் போட்ட பெட்டிகளில் இருக்கிறது.

அப்படி ஒன்று கையில் கிடைத்தவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. துடைப்பதற்கு முன் புகைப்படம் எடுங்கள், உரியும் மை துடைக்கும் துணியோடு போய்விடும். பொருத்தியிருந்த பட்டைகளைக் கழற்றி, மறைந்திருந்த ஓரங்களையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்களை எல்லாம் அணைத்துவிட்டு, தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். எந்தப் பெட்டி, எந்த நாடு, எந்த ஸ்கேனர், என்ன செய்தீர்கள், என்ன செய்யவில்லை என்று ஒரு சாதாரண உரைக் கோப்பில் குறித்து அதே கோப்புறையில் வையுங்கள். கீறலை அழிப்பதும், எமுலேட்டருக்கான பிஎன்ஜியாகச் சுருக்குவதும், எக்ஸ்எம்எல் எழுதுவதும் அதன் பிரதியில் நடக்கட்டும். அவற்றை வேறொருவர் வேறொரு நாளில்கூடச் செய்யலாம்.